மாப்பிள்ளை கையில் முதல் ஊசி

தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயைக் கண்டறியும் எங்கள் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மெஷினைச் சொல்லித்தர ஆள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

1. ‘பெங்காலி வியாதி’

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் லேப் வங்காளத்துப் பவானிபூரில் இருந்தது. கல்லூரி முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த வனிதாவின் ரிப்போர்ட்டில் ஏ-டூ என்ற ஹீமோகுளோபின் வகை கூடுதலாக வந்தது. அவள் கேரியர், அதாவது நோயின் மரபணுவைச் சுமப்பவள். நோயாளி அல்ல. இன்னொரு கேரியரை மணந்தால்தான் ஆபத்து. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறந்தவர்கள் பக்கத்து அறைக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவார்கள்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அவளும் அம்மா கிரிஜாவும் வந்தார்கள். கிரிஜாவின் தம்பி சுந்தரத்துக்கே வனிதாவைப் பேசி முடித்திருந்தார்கள்.

“இது பெங்காலிங்களுக்கு வர்றது மேடம். நீங்களும் தமிழ்தானே, நார்மல்னு போட்டுக் குடுங்க.”

“முடியாது. உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் ரத்தம் குடுங்க.”

“எங்க வம்சத்துல இதெல்லாம் இல்ல. ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு?”

பெங்காலி வழக்கில் என்னை அக்கா என்றழைத்து வனிதா சிரித்தாள். “மாமாக்கு ஊசின்னா பயம் தீதி, அதான்.”

2. பத்திரிகை

அந்தக் கேலிக்காகவே சுந்தரம் வந்து கையை நீட்டினார். அவரும் கேரியர். மகளும் தம்பியும் கேரியராக இருக்க, நடுவில் நின்ற கிரிஜா மட்டும் கடைசிவரை ரத்தம் கொடுக்கவில்லை.

கல்யாணம் நின்றது. குவார்ட்டர்ஸ் முழுக்க ‘பொண்ணு ரத்தத்துல கோளாறு’ என்று பேச்சு. சுந்தரம் தன் ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டவில்லை.

சில மாதங்களில் கிரிஜா மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தார். சுந்தரத்துக்குத் திருச்சியில் பெண்.

“அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் பண்ணீங்களா?”

“கேட்டா சம்பந்தமே போயிடும் மேடம்.”

“உங்க தம்பி ரிப்போர்ட்டயாவது சொன்னீங்களா?”

“நல்ல காரியத்துல அதையெல்லாம் பேசுவாங்களா?”

அவரைப் பக்கத்து அறை வாசலுக்கு அழைத்துப் போனேன். ஒரு சிறுமி, ஒரு கையில் ரத்தம் ஏற, மறு கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். கிரிஜா பத்திரிகையை முந்தானைக்குள் மறைத்தார்.

“கல்யாணப் பத்திரிகையோட வந்திருக்கேன், இங்கயா கூட்டிட்டு வருவீங்க?”

பெண் வீட்டில் உண்மையைச் சொல்லும்படி சுந்தரத்துக்குப் போன் செய்தேன். “அக்கா பாத்துக்குவாங்க மேடம்” என்றார். ஒருவர் ரிப்போர்ட்டை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பெண் வீட்டு முகவரி பத்திரிகையில் அச்சாகியிருந்தும் நான் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாருமே சொல்லவில்லை.

அன்றிலிருந்து, கல்யாணத்துக்கு முன் பெண்ணை மட்டும் அழைத்துவந்தால் திருப்பி அனுப்புகிறேன். ஜோடியாக வந்தால் முதல் ஊசி மாப்பிள்ளை கையில். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.