பொங்கல் விழாவின் பிரதம விருந்தினர்

பதினேழு வயதில் நான் அவுஸ்திரேலியாவின் பிரதமராவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த மாதம்தான் அமெரிக்காவில் ஒரு கறுப்பர் அதிபராகப் பதவியேற்க இருந்தார். அங்கே நடப்பது எங்கள் ஊர் மெரிலேண்ட்ஸில் நடக்காதா என்ன? "முதல்ல கணக்குப் பாடத்தைப் பாஸ் பண்ணு, பிறகு நாட்டை ஆளலாம்" என்றார் அப்பா. அப்பாவுக்கு அரசியல் விளங்காது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வருடாவருடம் ஒரு வெள்ளைக்காரர் பிரதம விருந்தினராக வருவார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றவைத்து, வடை கொடுத்து அனுப்பினால்தான் எங்களுக்கு விழா முடிந்த மாதிரி. அந்த வருடம் மேயருக்கு வசதிப்படவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கவுன்சிலர் வருவார் என்று கடிதம் வந்தது. யார் என்று அதில் இல்லை.

வாசலில் நின்று வரவேற்கும் வேலையை நான் சண்டை போட்டு வாங்கினேன். கவுன்சிலரைத் தனியாகப் பிடித்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் நிறத்தில் ஒருத்தியை இந்த நாட்டுச் சனம் தலைவியாக ஏற்றுக்கொள்ளுமா? ஓம் என்று அவர் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

காலையில் மண்டபத்துக்குள்ளேயே பொங்கினோம். பால் பொங்கியது, கூடவே கூரையில் இருந்த நெருப்பு அலாரமும் அலறியது. அதை ஒருவழியாக நிறுத்திவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடினேன்.

முதலில் வந்தவர் சேலை கட்டிய, நல்ல கறுப்பான ஒரு பெண். கையில் பெரிய முறுக்கு டப்பா. "நான் கவுன்சில்லருந்து வர்றேம்மா" என்றார். பேச்சில் மலேசியத் தமிழ். கவுன்சிலில் வேலை செய்கிற யாரோ என்று நினைத்தேன்.

"வாங்கோ அன்ரி. குசினி அந்தப் பக்கம்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார்.

அடுத்து வந்தவர் வெள்ளைக்காரர். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. அவர் வாய் திறக்குமுன் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டேன். சங்கத் தலைவர் அங்கிள் பாய்ந்து வந்து அவரை மேடைக்கு அழைத்துப்போனார். தோளில் பொன்னாடை விழுந்தது. குத்துவிளக்கை ஏற்றுமுன் அவர் கூரையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். பால் காய்ச்சுவதானால் வெளியே காய்ச்சுங்கள் என்றார். ஆழ்ந்த கருத்து என்று கைதட்டினோம். பிறகுதான், அலாரம் அடித்ததால் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றும் தன்னை இவ்வளவு மரியாதையாக இதுவரை ஒருவரும் நடத்தியதில்லை என்றும் சொன்னார். பொன்னாடையோடு ஏணியில் ஏறிச் சோதித்துவிட்டு, வடையும் வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் வந்த அன்ரி நினைவுக்கு வந்தார். குசினிக்கு ஓடினேன். கவுன்சிலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அன்ரிமார் அவரிடம் இன்னும் சின்னதாக வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சொறி" என்று மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா" என்றார். கத்தியைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரங்க இப்படிச் செஞ்சா சொல்ல எங்கிட்ட ஒரு பதில் இருக்கு. பல தடவை சொல்லியிருக்கேன். உங்ககிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால், இங்கே பொறுப்பாளர் யார் என்று என் கண் முதலில் ஒரு வெள்ளை முகத்தைத்தான் தேடுகிறது. அதைக் கவனிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.