நெயில் பாலிஷ் டூப்ளிகேட்

நம்ம சாவிக்காரர் பயப்படற அழகுக்கு டிக்கெட் போட்டே விக்கலாம். ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் குடுக்கற மனுஷன், தன் வீட்டைப் பூட்டிட்டு நாலடி போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பார். மறுபடி நாலடி, மறுபடி ஒரு இழுப்பு. அந்தப் பூட்டுக்கு மட்டும் வாய் இருந்தா, "அய்யா, ஒண்ணு என்னை நம்பு, இல்ல என்னைக் கழட்டிட்டு நீயே தொங்கு"ன்னு கதறியிருக்கும்.

ஆனா தொழில்னு உக்காந்துட்டா ஆள் சூரப்புலி. கடை என்னமோ வீட்டு முகப்புல தெருப்பக்கமா நீட்டி ஒட்டவெச்ச இரும்புப் பெட்டிதான். உள்ள உக்காந்து சோம்பல் முறிச்சா கை ரெண்டும் தெருவுல போறவன் மூக்குல இடிக்கும். ஒரு வெட்டற மெஷின், ஒரு அரம், ஆணி நிறைய குலைகுலையா சாவி. அவர் வெட்டினதையும் அசலையும் பக்கத்துல வெச்சா பூட்டே குழம்பிப்போய் ரெண்டுக்கும் வணக்கம் வெக்கும். "எந்தக் கதவு, என்ன அர்த்தம்னு நமக்கெதுக்கு? பல்லைப் பாத்து அப்படியே வெட்டு, மிச்சத்தைப் பூட்டு பாத்துக்கும்"பார். அந்தப் பழக்கந்தான் அவருக்கு ஆப்பு வெச்சது.

தெருவைத் தோண்டப் போறாங்கன்னு கொஞ்ச நாளாவே பேச்சு. ஒரு காலைல ஒரு மேஸ்திரி சிவப்புப் பெயிண்ட் டப்பாவோட வந்தார். வரிசையா ஒவ்வொரு வீட்டு முகப்புலயும் இங்கிலீஷ்ல ரெண்டே எழுத்து எழுதினார்: பி.எம். பக்கத்துக் கடை தையக்காரர் ஷட்டர் வரைக்கும் எழுதினவர், கடைசி வீடான நம்மாளு வீட்டை ஏறெடுத்தும் பாக்காம டப்பாவை மூடிட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான், பாதி வெட்டின சாவியை அப்படியே போட்டுட்டுத் தையக்காரர் கடை முன்னால போய் நின்னார்.

"அண்ணே, எனக்கு மட்டும் ஏன் எழுதல?"

தையக்காரர் வாயில ஊசியைக் கவ்விக்கிட்டே சொன்னார். "பி.எம்.னா சாயங்காலம்யா. கடிகாரத்துல பாத்ததில்ல? சாயங்காலம் வந்து பாப்பாங்க."

"அப்ப எனக்கு?"

"உனக்குக் காலைலயே சோலி முடிஞ்சிருக்கும்."

உள்ள சம்சாரத்துகிட்ட ஓடினார். "டிவில பி.எம். பி.எம்.னு பிரதமரைத்தானே சொல்றாங்க? தெருவுக்கு வர்றாரோ என்னமோ"ன்னாங்க அந்தம்மா.

"வந்தா நம்ம வீட்டை மட்டும் விட்டுட்டுப் போவாரா?"

"நீங்க மூஞ்சியை வெச்சிருக்கற லட்சணத்துக்கு என் தம்பியே வர யோசிக்கிறான்."

யோசிச்சாலும் அந்தத் தம்பி அன்னிக்கு வந்தான். ஆம்புலன்ஸ் ஓட்டறவன். "எங்க வண்டியில பி.எம்.னா ஒண்ணே ஒண்ணுதான், மச்சான். போஸ்ட் மார்ட்டம்."

நம்மாளு குடிச்சிட்டிருந்த டீயைக் கீழ வெச்சார். "உயிரோட இருக்கற தெருவுக்கு எதுக்குய்யா போஸ்ட் மார்ட்டம்?"

"அறுத்துப் பாத்துட்டுத் தைக்கப் போறாங்க போல. தையக்காரர் வேற பக்கத்துலயே இருக்கார்."

சாவிக்காரருக்கு அழுகையே வந்துடுச்சு. "ஏன்டா, லாக்குன்னா பூட்டு, கீன்னா சாவி. இங்கிலீஷ்ல முழு வார்த்தையா சொன்னா ஒழுங்கா ஒரு அர்த்தத்தோட வந்து நிக்குது."

"லைட்டுன்னா விளக்குங்கறான், லேசுங்கறான். அதுக்கும் ரெண்டு இருக்கே மச்சான்."

"ரெண்டுதானேடா! இந்த ரெண்டெழுத்து மாஸ்டர் கீயால்ல இருக்கு? எவன் வாயில போட்டாலும் வேற கதவு திறக்குது!"

இதுல கடைசியா வந்து சேந்தார் கரண்ட் வேலை பாக்கறவர். "பெர்மனென்ட்டுங்க. அதைத்தான் சுருக்கி எழுதியிருக்காங்க. எழுதின வீடு நிரந்தரம். எழுதாதது எல்லாம் காலி."

பயந்தவன் காதுக்கு நல்லது நாலு சொன்னா ஏறாது, கெட்டது ஒண்ணு சொன்னா காதுல குடியே ஏறிடும். அந்தப் பெட்டி போனா சோறு போச்சு. வேற இடத்துல கடை போட வக்கில்ல. முட்டி தேஞ்ச மனுஷன் மெஷினைத் தலையில தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையவா முடியும்?

மத்தியானம் தெருவே குறட்டை விட்டுது. நம்மாளு மெல்ல எந்திரிச்சார். தையக்காரர் ஷட்டர் எழுத்தை அளவுக்கருவி வெச்சு அளந்தார். கண்ணாடிக்குப் பின்னால இருந்த சம்சாரத்தோட சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தார். தன் கடை இரும்புச் சட்டத்துல வெட்டு மாறாம ஒரு பி, ஒரு எம். எம்முக்குக் கீழ பெயிண்ட் வழிஞ்ச ஒரு சொட்டைக்கூட விடல, அதையும் வழிய விட்டார். கொஞ்ச நேரம் நெஞ்சு குளுந்துது.

மறுநாள் யானை மாதிரி மெஷின் உறுமிக்கிட்டு வந்துது. முன்னால அதே மேஸ்திரி. "எழுத்து இருக்கற இடமெல்லாம் குழாய் போகுது. முகப்புல நீட்டிக்கிட்டு இருக்கறதை எடுத்துடுவோம். படிக்கட்டைத் திருப்பிக் கட்டித் தருவோம். இரும்புப் பெட்டி எல்லாம் எங்க பொறுப்பில்ல."

சாவிக்காரர் குறுக்க பாஞ்சார். "ஐயா! இந்த வீட்டுல நான் எழுதினதுங்க!"

மேஸ்திரி குனிஞ்சு பாத்தார். "யார்கிட்ட கதை விடறே? எம்முக்கு இப்படி வால் இழுக்கறது நான் மட்டுந்தான். அந்தச் சொட்டுகூட என்னோடது. காலைலேர்ந்து தெருவே நான் எழுதினேன், என் புள்ள எழுதினான்னு சொல்லிக்கிட்டு நிக்குது. ஒதுங்குய்யா!"

வாழ்நாள்லயே முதல் தடவையா தான் வெட்டின டூப்ளிகேட்டுல ஒரே ஒரு குத்தம் கிடைக்காதான்னு தேடினார். ம்ஹூம். பாவி, அவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கார். தையக்காரர் படிக்கட்டு பொடியாச்சு. மெஷின் கை இந்தப் பக்கம் திரும்புச்சு. நம்மாளு பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

அந்த நேரம் பாத்து உள்ளேர்ந்து ஒரு குரல். "ஏங்க, என் நெயில் பாலிஷ் எங்க? நேத்து ஒரு கைக்குப் போட்டுட்டு வெச்சேன், காணோம்!"

"தாயே, ஓடி வா!"

அந்தம்மா வந்தாங்க, மெஷினைப் பாத்தாங்க, எழுத்தைப் பாத்தாங்க, புருஷனைப் பாத்தாங்க. விரலை எழுத்துக்குப் பக்கத்துல நீட்டினாங்க. அதே சிவப்பு, அதே மினுமினுப்பு. "ஏன் மேஸ்திரி, என் விரல்லயும் குழாய் போகுதா?" நகத்தால ஒரு சுரண்டு. பி பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்துது. தையக்காரர் ஷட்டர்ல சுரண்டினாங்க, நகந்தான் உடைஞ்சுது.

மேஸ்திரி கையைத் தூக்கி மெஷினை நிறுத்தினார். "குழாய் உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே திரும்புதுய்யா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துக்கப் பாத்தியே!"

"அது சரிங்க, பி.எம்.னா என்னதான் அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல இப்படி எழுதுன்னாங்க, அப்படியே எழுதினேன்."

போறவர் சும்மா போகல. மெஷின்காரன் தப்பா கை வெச்சிடக் கூடாதுன்னு தன் பெயிண்ட்டாலயே கடை மேல ரெண்டெழுத்து எழுதிட்டுப் போனார்: ஓ.கே.

தெருவே கைதட்டிச்சு. வீட்டுக்காரம்மா, "சாயங்காலத்துக்குள்ள புது பாட்டில் வரணும்"னு சொல்லிட்டு உள்ள போனாங்க. சாவிக்காரர் மட்டும் அந்த எழுத்துக்கு முன்னால நின்னார். நாலடி போனார், திரும்பி வந்து பாத்தார், தையக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஓ.கே.ன்னா எதுக்கு ஓ.கே.? விட ஓ.கே.யா, இடிக்க ஓ.கே.யா?"