பன்றிக்குட்டி வாயில் போன சண்டை

அன்னவியாவுக்குத் தொழிலே சண்டை தீர்ப்பதுதான். ஆனால் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஹத்துசா நகரத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. புருஷன் பெண்டாட்டி முட்டிக்கொண்டால் பன்றிக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் தன் ஊர்ப் பேச்சான லூவிய மொழியில் மந்திரத்தை மளமளவென்று சொல்லச் சொல்ல, இருவரும் குட்டியை இரண்டு கையாலும் பிடித்து அதன் வாயில் துப்ப வேண்டும். பகை அதோடு போய்விடும்.

அதற்காக அரண்மனையிலிருந்து தினமும் ரொட்டியும் பார்லிக் கள்ளும் வந்துகொண்டிருந்தன. அதற்கும் வந்ததே வினை! மந்திரத்தையெல்லாம் களிமண் பலகையில் எழுத உத்தரவு. எழுதிவிட்டால் எவனும் படித்துக்கொள்வான், அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம். அன்னவியா விடுவாளா?

எழுத்தன் பிகசிதி ஈரக் களிமண்ணோடு வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்கக்கா."

"சும்மா உக்காந்து சொன்னா வாயில வராது தம்பி. முறைச்சுக்கிட்டு நிக்கிற ரெண்டு பேரைக் கொண்டா, தானா வரும்."

இதில் பாதி நிஜம், பாதி வயிற்றுப்பாடு. மூன்று நாள் களிமண் காய்ந்ததுதான் மிச்சம். நாலாம் நாள் பிகசிதி தன் மனைவி அல்லிஹெபாவையே இழுத்து வந்தான். அவன் வீட்டில் சண்டைக்கா பஞ்சம்?

"கேளுங்கக்கா! நான் மாவு பிசையற தொட்டியில இந்த மனுஷன் களிமண்ணைப் பிசைஞ்சிருக்கார். ரொட்டியைக் கடிச்சா நறநறங்குது!"

"உன் ரொட்டி என்னிக்கிடி நறநறக்கல?"

"பலே! முத்தின சண்டை" என்று அன்னவியா பூரித்துப் போய்க் குட்டியை நடுவில் நீட்டினாள். மந்திரம் பொழிய ஆரம்பித்தது. பிகசிதி எழுதுகோலுக்குத் தாவினான்.

"கையை எடுத்தே, பகை ரெண்டு மடங்கா திரும்பும்!"

"பிடிங்க! இல்லேன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க!" என்றாள் மனைவி.

பாவம், பிடித்தான். குட்டி வீலென்று கத்தியது. இருவரும் துப்பினார்கள். அவன் துப்பியது அவன் காலிலேயே விழ, அல்லிஹெபா வாய்விட்டுச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மந்திரம் முடிந்தது.

"அக்கா, இன்னொரு தரம்..."

"சண்டைதான் தீர்ந்துபோச்சே!"

அவன் மனைவியைப் பார்த்தான். "கொஞ்சம் கோவப்படேன்டி."

"போங்க, எனக்கு வரலை."

களிமண் இறுகிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக அழுத்தினான்: 'இருவரும் பன்றிக்குட்டியைப் பிடிப்பார்கள். அப்போது அன்னவியா லூவிய மொழியில் சொல்வாள்.'

தலைமை எழுத்தர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா சொல்லுவா?"

"அதுக்கு அவங்களைத்தான் கூப்பிடணுங்க. ஒவ்வொரு தடவையும்."

மறுநாள் காலையில் ரொட்டி வந்தது. அன்னவியாவுக்கு உயிர் திரும்பியது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடா, நேத்தைவிட இன்னிக்கு சின்னதா இருக்கு?" என்று கொண்டுவந்தவனோடு சண்டையைத் தொடங்கினாள்.