முந்நூற்று அறுபத்தைந்து படி மந்திரம்

என் அக்காவை நான் ஒரே ஒரு கோடை விடுமுறையில்தான் உண்மையாக வெறுத்தேன். காரணம், அவள் மந்திரவாதி. அவள் தங்கையான நான் வெறும் வாள்வீரன்.

சென்னையில் வேலை பார்த்த எங்கள் மாமா சனிக்கிழமைதோறும் மின்சார ரயிலேறித் திருத்தணிக்கு வருவார். பையில் இருபது முகம் கொண்ட பகடை ஒன்று இருக்கும். அவர் கதை சொல்வார். அதில் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். காட்டில் பூதம் வழிமறித்தால் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் நம் அடி பலிக்கும். நான் வாளை வீசினால் பூதத்துக்கு ஒரு கீறல். அக்கா வாயைத் திறந்து மந்திரம் சொன்னால் எட்டுப் பூதங்கள் சாம்பல். அந்தச் சாம்பலைக் கூட்டிப் பெருக்குவதுதான் எனக்கு மிச்சம்.

மூன்று வாரம் பொறுத்தேன். நான்காவது வாரம் என் வாளை, அதாவது பள்ளிக்கூட ஸ்கேலை, வீசியெறிந்துவிட்டு இனி ஆடமாட்டேன் என்றேன். மாமா கோபித்துக்கொள்ளவில்லை.

"நீயே ஒரு ரூல் எழுதிகினு வா. அவ ஒத்துகினா வெச்சிக்கலாம்."

யோசித்து யோசித்து எழுதினேன். எங்கள் மலைக்கு வண்டி போகத் தார்ச்சாலை உண்டு. ஆனாலும் வேண்டுதல் என்றால் படிதான் ஏறவேண்டும். வண்டியில் போய்க் கேட்டால் பாதி வரம்தான் கிடைக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மந்திரத்துக்கு மட்டும் என்ன சலுகை? ஆகவே ஒரு மந்திரத்துக்குப் பத்துப் படி. கதையில் அல்ல, நிஜ மலையில், மந்திரவாதியே ஏறவேண்டும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிரைப்பு. எங்கே போனாலும் மருந்து பம்ப் கூடவே போகும். நாங்கள் எல்லோரும் படியேற, அவளை மட்டும் அப்பா வண்டியில் மேலே கொண்டுபோய் விடுவார். அவள் ஏறமாட்டாள் என்று தெரிந்துதான் எழுதினேன். மாமா படித்துவிட்டு முகம் சுளித்தார். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அக்கா நோட்டைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் மாலை பத்துப் படி ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். அடுத்த நாள் இருபது. ஏமாற்றிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போய் எண்ணினேன். பெண்கள் இருவரும் தினமும் மலையடிவாரத்துக்குப் போவதைப் பார்த்து, பக்தி வந்துவிட்டதென்று அம்மா பூரித்துப்போய்க் கற்பூரம் கொடுத்தனுப்பினாள். நாங்களும் கொளுத்திவிட்டு வந்தோம்.

விடுமுறையின் கடைசி ஆட்டம் ஏழுதலை நாகத்தோடு. அதை ஒரே சொல்லில் கொல்லும் பெருமந்திரம் ஒன்று உண்டு என்று மாமா உளறி வைத்தார். உடனே அதற்கு விலை சொன்னேன்: முந்நூற்று அறுபத்தைந்து படியும், நடுவில் இறங்காமல். நான் கொடாக்கண்டி என்றால் அவள் விடாக்கண்டி. சரி என்றாள்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். காவடி தூக்கியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் எங்களைத் தாண்டிப் போனார்கள். இருநூறாவது படியில் அவள் நெஞ்சு விசிலடித்தது. நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

"விட்டுடுக்கா. பாதி மந்திரம் தந்துடுறேன்."

"எண்ணுடீ" என்றாள்.

உட்கார்ந்தாள், பம்பை இழுத்தாள், எழுந்தாள். நான் அழுதுகொண்டே எண்ணினேன். உச்சிக்கு வந்ததும் அவள் நேரே சந்நிதிக்குப் போகவில்லை. மதிலோரம் நின்று கீழே பார்த்தாள். ரயில் பாதை, பேருந்து நிலையம், எங்கள் மொட்டைமாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அப்பாவின் வண்டியில் வந்து எத்தனையோ முறை பார்த்ததுதான்.

"இவ்ளோதானாடீ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மதியம் நாகம் என்னை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. மந்திரம் சொல்கிறாயா என்று மாமா அக்காவை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், கைத்தடியால் அடிக்கிறேன் என்றாள். அந்தத் தடிக்கு எலிகூடச் சாகாது. விதி எழுதிய நானே கெஞ்ச வேண்டியதாயிற்று.

"அக்கா, மந்திரம் வீணாப் பூடும்."

"ஆங், போவட்டும்."

கடைசியில் தட்டுத் தடுமாறி என் வாள்தான் ஏழாவது தலையை வெட்டியது.

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நோட்டில், 'மந்திரவாதியை அடக்கியாயிற்று. விதி நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள். தோற்றவளுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. வெட்கத்தை மறைக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.