கரடி ஏறிய கரை

தம்மம்பட்டியில் ஆராயியைப் போல வழி காட்டுகிறவளும் இல்லை, அவளைப் போலப் பயந்தவளும் இல்லை. ரிசர்வ் காட்டுக்குள் இருபுறமும் பாறை சுவராக நிற்க, நடுவே காய்ந்து கிடக்கும் ஓடையில் நடந்துதான் மலைக்கோயிலுக்குப் போகவேண்டும். கீழே வெயில் கொளுத்தும்போதே மேலே மழை கொட்டி வெள்ளம் வந்துவிடும். அவள் புருஷன் பெரியசாமி அப்படித்தான் போனான். அதனால் ஆட்களைக் கூட்டிப்போகும்போது நூறடிக்கு ஒருதரம் நின்று காது கொடுப்பாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அம்மாபேட்டை நெசவுக்காரர்கள் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பயமெல்லாம் கரடி மேல். கைலாசம் என்பவர் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் மாட்டி, ஓடையில் இறங்கியது முதல் அடித்துக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க சாமி. தண்ணிச் சத்தம் கேக்கோணும்."

"காஞ்ச ஓடையில ஏது தண்ணி? கரடி வந்தா நீ பதில் சொல்லுவியா?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பாதி வழியில் எதிரே கரடி வந்தேவிட்டது. ஓடிவந்த வேகத்தில் இவர்களை ஏறெடுத்தும் பாராமல் பக்கத்துப் பாறைச் சரிவில் ஏறி மறைந்தது.

"பாத்தியா, தகரத்துக்குப் பயந்து ஓடிருச்சு" என்றார் கைலாசம்.

ஆராயி கரடி வந்த திசையையே பார்த்தாள். "பயந்திருந்தா வந்த வழியே திரும்பியிருக்கும் சாமி. இது தகரத்தைப் பாத்தே வந்துச்சு. அதுக்குப் பின்னால என்னமோ வருது. அது ஏறின எடத்துலயே ஏறுங்க."

கரடிக்குப் பின்னாலா? ஒருவரும் அசையவில்லை. அவள் தகரத்தைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நின்றதும் எல்லோருக்கும் கேட்டது, மேலிருந்து கல் உருளும் ஓசை. பிறகு யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராகத் தள்ளி ஏற்றிவிட்டுக் கடைசியில் அவள் ஏறும்போது வெள்ளம் கணுக்காலைத் தொட்டது.

மேலே எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. பத்தடி தள்ளிப் புதருக்குள் கரடி நின்றது. கைலாசம் மூச்சுவிடாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கரடி இவர்களைப் பார்க்கவில்லை. அதுவும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே தகரம் பாறையில் மோதி மோதிப் போனது. யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"எம் புருசனுக்கும் நாந்தாங்க தகரம் குடுத்து அனுப்புனேன். கரடிக்குப் பயந்து."