மரச்சிராய் ஒட்டிய சாம்பிராணி

துடியலூரில் சாம்பிராணி வியாபாரி சென்னியப்பனின் கிடங்கு. சோமாலியாவிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்து வெள்ளைத் துணியில் கொட்டுகிறார். இயற்கை வாசனைத் திரவியம் செய்யும் நான் இதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். ஒரு கட்டியை உள்ளங்கையில் தேய்க்கிறேன். எலுமிச்சைத் தோலும் மிளகும் கலந்தது போல வாசம் எழுகிறது.

கட்டியைத் திருப்பினால் அடியில் மரச்சிராய். இன்னொன்றிலும் இருக்கிறது. பிசின் வடியப் பட்டையை மேலாகச் சீவினால் போதும்; மரம்வரை வெட்டியிருக்கிறார்கள். அந்த மரம் இனித் தேறாது.

"இது வேண்டாங்க," என்கிறேன்.

"ஏனுங்க அம்மணி, வாசம் புடிக்கலீங்களா?"

"மரத்தைக் கொன்னு எடுத்திருக்காங்க."

அவர் முகம் சுளிக்கவில்லை. துணியின் முனைகளைத் தூக்கிச் சரக்கைச் சாக்குக்குள் சரிக்கிறார்.

"நீங்க உட்டுப்போட்டாலும் ஊதுபத்திக்காரங்க மத்தியானம் வந்து எடுத்துக்குவாங்க. அதுக்காக அந்த மரம் பொழைச்சுக்குமுங்களா?"

அவர் கொடுத்த மோரைக் குடித்து, குழாயில் கை கழுவி, மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்துக்கு நிற்கிறேன். சோப்பையும் மீறி உள்ளங்கையில் அந்த வாசம் இருக்கிறது. இத்தனை வருடமாக நான் தேடிய வாசம் இதுதான்.