சனிக்கிழமை மட்டும் மணக்கும் பிரேக்

கட்டுகஸ்தோட்டை வீதியில் பதினெட்டு வருடமாக வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் என் உயிரை அதிகம் வாங்கியவர் நவரட்ணராஜா ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹந்தானை ஏற்றத்தில் வீடு. பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருக்கிறார்.

பிரேக் ஷூ வாங்க வருகிற மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஐயாவுக்கு அரை மணி நேரம் வேண்டும். பெட்டியின் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஷூவை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். சட்டைப்பையிலிருந்து அடிமட்டம் எடுத்துத் தடிப்பை அளப்பார்.

“தம்பி கிருஷ்ணராஜ், இது ஒறிஜினல்தானே?”

“ஒரிஜினல்தாங்க ஐயா.”

“போன முறையும் இதைத்தானே சொன்னனீர்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் மனுசன் சொன்னதில் தப்பில்லை. எட்டு மாதத்தில் மூன்று தடவை பின்சக்கர ஷூ மாற்றியாயிற்று. புதிதாகப் போட்டுக்கொண்டு போவார், சில வாரத்தில் எரிந்த வாசத்தோடு திரும்பி வருவார். ஷூ அழுத்திப் பிடிக்கிற டிரம்மில் தோசை ஊற்றலாம், அவ்வளவு சூடு. பக்கத்துக் கராஜ் ஷிராஸ் கழற்றிப் பார்த்து, “சாமான் நல்லம், சிலிண்டர்ல லீக் இல்ல, கேபிளும் சரி. ஆள்லதான் பிழை போல” என்று என் காதுக்குள் சொல்வான்.

மூன்றாம் தடவையோடு கொழும்பிலிருக்கும் மகள் தனுஷியா பொறுமையிழந்துவிட்டாள். இன்னொரு தரம் பிரேக் மணந்தால் காரை விற்பது என்று முடிவு. வத்தேகமவில் வாங்க ஆளும் பார்த்துவிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐயாவின் மனைவி லீலாதேவியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அந்த ஏற்றத்தில் நடக்க முடியாது, ஆட்டோவில் குனிந்து ஏறவும் கால் விடாது. கார் போனால் அவருக்குக் கோயிலும் இல்லை, சந்தையும் இல்லை. வீடே கதி.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, இருவரும் காரோடு வந்து நின்றார்கள். வாசம் அவர்களுக்கு முன்னமே கடைக்குள் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டேன். ஐயாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு ஃபைல். உத்தியோகத்தில் இருந்த மனுசன் பிரேக்குக்கும் ஃபைல் திறந்திருக்கிறார்.

“நாளைக்கு அந்த ஆள் வந்திடும் தம்பி. இதை ஒருக்கா வாசிச்சுப் பாரும்.”

திகதி, கிழமை, ஓடிய பாதை, மழையா வெயிலா, மணந்ததா இல்லையா, எல்லாம் மணி மணியான எழுத்தில். எரிச்சலோடுதான் புரட்டினேன். நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. மணந்த நாளெல்லாம் சனிக்கிழமை, சிலவேளை ஞாயிறு. செவ்வாய், புதன் ஒரு தடவைகூட இல்லை.

“வெள்ளிக்கிழமை காருக்கு என்னங்க ஐயா செய்றீங்க?”

“ஒண்டும் செய்யிறேல்ல. கழுவுவன். இவ பொட்டு வைப்பா. அவ்வளவுதான்.”

அவரை ஏறச் சொல்லி நானும் பக்கத்தில் ஏறினேன். ஐயா ஹேண்ட்பிரேக்கை இறக்கினார், கார் நகர்ந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியில், பெரிய வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக் விளக்கு. லீவரைப் பார்த்தால் இன்னும் இரண்டு பல் மேலே நிற்கிறது.

ஏற்றத்து வீடு, கார் உருண்டுவிடும் என்ற பயம். ஐயா இரண்டு கையாலும் இழுத்துப் போடுவார். இறக்கும்போது முழுதாக இறங்காது. விளக்குத் தெரிகிற நாளில் அதைப் பார்த்து அமத்திவிடுவார். பொட்டு மறைத்த நாளில், பின்சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே கண்டி முழுக்கச் சுற்றுவார். திங்கட்கிழமைக்குள் சந்தனம் காய்ந்து உதிரும், பிரேக்கும் குணமாகிவிடும். பிரேக் மோசமாக மோசமாக அம்மா பிள்ளையாரை வேண்டிக்கொண்டு பொட்டையும் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நானும் ஷிராஸும் எட்டு மாதமாகச் சக்கரத்தைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இவவுக்குச் சொல்லாதையும். மனம் நொந்துபோவா. சாமான் பிழை எண்டு சொல்லும்.”

என் சாமானா பிழை? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. இறங்கிப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“ஷூதான் சரியில்லைங்க அம்மா.”

லீலாதேவியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உம்மட நகத்தில சந்தனம் கிடக்கு தம்பி.”

நான் கையைப் பின்னால் மறைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது என்ன லைற் எண்டு எனக்குத் தெரியாது. அது சிவப்பா எரிஞ்சால் இவர் ‘ஐயோ’ எண்டு பதறுவார். இவரின்ரை நெஞ்சுக்கு அது கூடாது. கண்ணில படாமல் இருக்கட்டும் எண்டுதான் அதுக்கு மேலையே வைச்சனான்.”

“எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, லீலா” என்றார் ஐயா.

“நீங்கள் மட்டும் இப்ப காருக்குள்ள இந்தத் தம்பியின்ரை கையைப் பிடிச்சு என்ன சொன்னனீங்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷிராஸ் டிரம்மை ஆறவிட்டுத் துப்புரவாக்கிப் பூட்டினான். ஷூ தப்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வத்தேகம ஆள் வந்து ஓட்டியிருக்கிறார். மணமும் இல்லை, சூடும் இல்லை. அவருக்குக் கார் நன்றாகப் பிடித்துப்போனதாம். அதனாலேயே ஐயா விற்பதில்லை என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மகளிடம் ஃபைலை வாசித்துக் காட்டினாராம், அவளும் விற்கிற பேச்சை விட்டுவிட்டாளாம்.

அடுத்த சனிக்கிழமை என் கடை வாசலில் கார் நின்றது. வாங்க ஒன்றும் இல்லை, சும்மா காட்டத்தான் வந்தார்கள். மீட்டர் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பொட்டு இப்போது கீழே, ஹேண்ட்பிரேக் லீவர் அடிவரை இறங்கினால் மட்டும் வந்து படுகிற இடத்தில். புறப்படும்போது ஐயா லீவரை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். அம்மா குனிந்து, லீவரின் அடியை விரலால் தடவி, விரலில் சந்தனம் இருக்கிறதா என்று பார்த்தார்.

“இறங்கிட்டுது. இனி எடுங்கோ.”